இடது பக்கத் திரை

என் செல்லக்குட்டிக்கு,

நேற்றும் அரங்கம் நிரம்பி வழிந்தது. ராணியாக நின்று, மன்னனின் தீர்ப்பைச் சபை நடுவே கிழித்துத் தொங்கவிட்டேன். “பொம்பளைன்னா இப்படில்ல பேசணும்!” என்று நாடகம் முடிந்ததும் ஒரு அம்மாள் பிடித்த கையை விடவே இல்லை.

அப்பா வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இருமல் நின்றதா?

அன்று நீதிபதி, “பொண்ணு யாருகிட்ட இருக்கணும்? நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று கேட்டபோது, உன்னைப் பார்க்காமல் இடது பக்கம் திரும்பினேன் அல்லவா? உன்னை வேண்டாமென்று திரும்பவில்லை கண்ணே. பதினாறு வருடப் பழக்கம் அது. மேடையில் நாக்கு ஒட்டிக்கொண்டால் இடது பக்கத் திரையைப் பார்ப்பேன். மறைவில் நிற்கும் அக்கா வசனம் எடுத்துக்கொடுப்பார். அன்றும் பார்த்தேன். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

“சரி, இவங்களுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல” என்று நீதிபதி எழுதிக்கொண்டார்.

ராணியின் புத்தியெல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒரே வரி: “என் பொண்ணு எனக்கு வேணும்.”

இப்போது அது மனப்பாடம். குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

சபைதான் கலைந்துவிட்டது.

உன் அம்மா