ஹாலிஎல ஏற்றத்தில் கரைந்த உப்பு

பதுளை, சித்திரை 12.

இந்த வாரம் முழுக்கப் பகல் திரும்பினால் இடிமழைதான், விடியலிலேயே கடை உப்பை வண்டியில் அனுப்பிவிடுங்கள் என்று வண்டிக்காரன் மாடசாமி சொன்னான். நான் கேட்காமல் உச்சிப்பொழுதில் அனுப்பினேன். ஹாலிஎல ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் இளைத்துப்போன சாக்குகளோடு வந்து நின்றான்.

“மூட்டைமேல போட்ட படுதா எங்கடா?”

“மாட்டுத் தலையில போர்த்திட்டேங்க மொதலாளி. மின்னலுக்கு மிரண்டு பள்ளத்துல பாஞ்சிருந்தா உப்போட நானும்ல கரைஞ்சிருப்பேன்!”

திட்டுவதை விட்டு அவனிடம் சொல்லிவிட்டேன்: நாளையிலிருந்து விடியலில்தான் வண்டி கிளம்பும்.

மலைக்கு அப்பால் இன்னும் இடி உருளுகிறது. அந்தச் சரிவுப் புல்லெல்லாம் இப்போது என் உப்பு. மழை விட்டதும் மான்கள் இறங்கி வந்து நக்கும். கண்ணை மூடினால் அதில் ஒரு மான் தலைநிமிர்ந்து என்னையே பார்ப்பதுபோல் இருக்கிறது. விரட்ட மனம் வரவில்லை.