எப்போதோ பிடித்த சளி

பிப்ரவரி 6

இன்று ஒரு பேக்கரியில் மீட்டர் மெதுவாக ஓட பெட்டிக்குப் பின்னால் காந்தம் ஒட்டி வைத்திருந்தார்கள். முதலாளி என்னைப் பார்த்ததும் நான் கேட்காமலே டீ வரவழைத்தார். கேட்காமல் டீ வந்தால் பெட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பது இந்த உத்தியோகத்தில் நான் கற்றது. மின்சார ஆபீஸில் எனக்கு சி.ஐ.டி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். பிடிபட்ட திருட்டில் பாதி நான் பிடித்தது.

திரும்பும் வழியில் தடுப்பூசி கிளினிக்கிலிருந்து போன். ஆலோசகர் அம்மா பேசினார். "ஒண்ணும் அவசரமில்ல. ஆனா நாளைக்கே வந்தா நல்லது" என்றார்.

அவசரமில்லையென்றால் எதற்கு நாளைக்கே?

பிப்ரவரி 7

ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்களாம்.

எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி கண்டுபிடிக்கிறோம் என்று ஆள் சேர்த்தபோது நானாகப் போய்ச் சேர்ந்தவன் நான். மனைவிக்கு எச்.ஐ.வி. உண்டு. முதல் கணவன் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். தெரிந்துதான் கல்யாணம் செய்துகொண்டேன். அவளுக்காக என்னால் முடிந்தது இந்தக் கையை நீட்டுவது என்று நினைத்தேன். பாதிப் பேருக்கு அசல் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணீர். யாருக்கு எது என்று ஊசி போடுகிற நர்ஸுக்கே தெரியாது.

டாக்டர் மேஜைமேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டு பேசினார். ஊசியில் எச்.ஐ.வி. கிருமி கிடையாதாம். அதன் சில துண்டுகளை மட்டும் உடம்புக்கு அடையாளம் காட்ட, வலுவிழந்த ஒரு சளி வைரஸை வண்டியாக வைத்து உள்ளே அனுப்பினார்களாம். வண்டி போனது, பாதுகாப்பு வரவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தச் சளி ஏற்கெனவே வந்து, அதற்கு எதிர்ப்புச் சக்தி ஊறிப்போன ஆண்கள் இருக்கிறார்களே, அவர்களில் அசல் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் தண்ணீர் ஊசிக்காரர்களைவிட எச்.ஐ.வி. அதிகமாகத் தொற்றியிருக்கிறது.

ஏன் என்று கேட்டேன். "உறுதியா இன்னும் தெரியல" என்றார்.

எனக்கு அந்த எதிர்ப்புச் சக்தி எக்கச்சக்கம். சேர்ந்தபோது எடுத்த ரத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்கு அதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவன்போல! எந்த வயதில் யார் என் மூஞ்சியில் தும்மினார்களோ.

எனக்குப் போட்டது அசலா தண்ணீரா? கொஞ்ச நாளில் சொல்வார்களாம். இன்று ரத்தம் எடுத்தார்கள், முடிவு வரத் தாமதமாகுமாம். வெளியே எங்கேயும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுக்கக் கூடாது என்று ஆலோசகர் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். காரணமும் என்னவோ சொன்னார். என் காது அதற்குள் அடைத்துவிட்டது. பெட்டியைத் திறக்காதீர்கள் என்று எவன் சொல்வான்? எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 9

வீட்டில் பாதிதான் சொன்னேன். மனைவி வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், விரல் நுனியெல்லாம் லென்ஸ் தேய்த்த பொடி. "உங்களுக்கு பயமா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கென்ன பயம் என்றேன்.

புழுக்கம் என்று சொல்லிக் கூடத்தில் படுத்தேன். மின்விசிறி இருப்பது உள்ளறையில்.

பிப்ரவரி 12

அவள் இருமினால் திரும்பிப் பார்க்கிறேன். இருமலில் பரவாது என்று தெரியும். தெரிந்தும் பார்க்கிறேன்.

பிப்ரவரி 15

ஊரின் மறுகோடியில் ஒரு லேப். எங்கள் லைன்மேன் பெயரைக் கொடுத்தேன், பாவம் அவனுக்குத் தெரியாது. சாயங்காலமே முடிவு தந்துவிட்டார்கள்.

பாசிட்டிவ்.

ரிப்போர்ட் கொடுத்த கவுன்ட்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

எனக்கா? எனக்கேவா? எப்படி — எப்போ — நான் என்ன பாவம் பண்ணேன்? எல்லாம் ஒழுங்காத்தானே இருந்தோம். உறை இல்லாம ஒரு நாள்கூட... இல்ல, ஒரு நாள் உண்டு. ஊசி ஆயிடுச்சேங்கற தைரியம். அன்னைக்கா?

பிப்ரவரி 16

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய எச்.ஐ.வி. மாத்திரை டப்பாவை மேஜையில் கொட்டி எண்ணினேன். வாங்கிய தேதிக்கும் மீதிக்கும் கணக்குச் சரியாக இருந்தது. சரியாக இருந்ததே எனக்குச் சந்தேகமாக இருந்தது. நிமிர்ந்தால் கதவருகில் ஈரத் தலையோடு நிற்கிறாள்.

"எண்ணியாச்சா?" என்றாள்.

ரிப்போர்ட்டை நீட்டினேன். படித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஐயோ, உங்களுக்கா, உங்களுக்கா என்று என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

"மாத்திரைய எப்ப விட்ட? உண்மையச் சொல்லு."

அழுகை நின்றுவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஊசியாலயான்னு கேட்டிருக்கலாம். ரிப்போர்ட் தப்பா இருக்குமான்னு கேட்டிருக்கலாம். நேரா என் டப்பாவத்தான் கொட்டத் தோணிச்சு, இல்ல?"

மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். பையில் நாலு துணியை வைத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கவில்லையே!

பிப்ரவரி 19

கிளினிக். நான் ரிப்போர்ட்டை எடுத்து வைத்ததும் ஆலோசகர் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இதுக்குத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார்.

விஷயம் இதுதான். ஊசி காட்டிய துண்டுகளை உடம்பு நினைவில் வைத்துக்கொண்டு அவற்றுக்கு எதிராக ஓர் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் சுரக்கும். சாதாரண டெஸ்ட் தேடுவது அந்தச் சுரப்பைத்தான். அதைக் கண்டதும் நோய் என்று எழுதிவிடும். இவர்களுடைய டெஸ்ட் கிருமியையே தேடுகிறது. அன்று எடுத்த ரத்தத்தில் கிருமி இல்லை. இன்று மறுபடி எடுத்து, அவசரம் என்று என்னை உட்கார வைத்தே பார்த்துச் சொன்னார்கள். அதிலும் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து சின்னப் பையன்போல அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. வெளி டெஸ்ட் அப்படிக் காட்டியதென்றால் எனக்குப் போட்டது தண்ணீர் அல்ல, அசல். அசல் ஊசி, அதோடு பழைய சளி. நோய் இல்லை என்ற அதே வாயால் நான் எந்தக் கூட்டத்தில் இருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டார்கள். அப்போ ஏன் எனக்கு இதுவரை தொற்றவில்லை என்று டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"இத்தனை நாள் உங்களக் காப்பாத்தினது எங்க ஊசி இல்ல சார், உங்க மனைவியோட மாத்திரை" என்றார். "மருந்து விடாம எடுத்து, ரத்தத்துல கிருமி தென்படாத அளவுக்குக் குறைஞ்சு, அப்படியே இருந்தா, அவங்ககிட்டேருந்து உங்களுக்கு வராது. அவங்களுக்கு அளவு எவ்வளவுன்னு கேட்டிருக்கீங்களா?"

லேப் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

பிப்ரவரி 20

மச்சினி கதவைத் திறந்து, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு நாற்காலியை வாசலிலேயே போட்டாள். அவ்வளவுதான் மரியாதை. அதற்கு மேல் எனக்குத் தகுதியும் இல்லை.

மனைவி வந்து சுவரோரம் நின்றாள். எனக்கு இல்லை, அந்த ரிப்போர்ட் தப்பு என்றேன். கண்ணை மூடித் திறந்தாள். அவள் தோள் இறங்கியதைப் பார்த்தேன். நல்லது என்றாள்.

தயங்கித் தயங்கி, உன் ரத்தத்தில் கிருமி அளவு எவ்வளவு என்று கேட்டேன்.

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே கிருமி ஒண்ணும் தென்படறதில்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரேன். கடையில லீவு கேட்டு, தனியா. ஒரு நாளாவது என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்களா?"

எத்தனையோ வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தவன். இது ஒன்றைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வா என்றேன். அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 3

இன்னும் சில வருஷம் என்னைக் கண்காணிக்க வேண்டுமாம். போகிறேன். கிளினிக்மேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்தச் சளிக்காரர்களை ஆரம்பத்திலேயே ஏன் விலக்கவில்லை? அப்போது அப்படி நடக்கும் என்று யாருக்கும் தெரியாது என்கிறார்கள். இருக்கலாம். இந்த முறை ஒவ்வொரு பதிலையும் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்வி கேட்டேன்.

கூடத்தில் படுப்பதில்லை. உள்ளறையிலும் தூக்கம் வருவதில்லை.

மார்ச் 18

அவளுக்கு ரத்தம் எடுக்கும் நாள். நானும் வரட்டுமா என்று மச்சினி மூலம் கேட்டிருந்தேன். வந்தால் வரட்டும் என்று பதில்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பக்கத்தில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் இந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். எல்லா நர்ஸும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்னை ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு நர்ஸ் என்னைக் காட்டி, "கூட வந்திருக்கறது யாரு?" என்றாள்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சவர்" என்றாள்.

ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்ததும் கேட்டேன், என்ன சொன்னார்கள் என்று. வெள்ளிக்கிழமை முடிவு வரும் என்றாள். வெள்ளிக்கிழமையும் நான் வரலாமா என்றேன்.

"வாங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.