வெறுங் கண்ணாடியில் நின்ற சொட்டு

நவ. 4, செவ்வாய். தூறல்.

என் கை நடுங்குகிறதாம். ஆய்வகத்தில் ஒரு வாரமாகப் பேச்சு. நடுங்கவில்லை. காலையில் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன். முதல் தடவையிலேயே.

ஓய்வுபெற்ற பிறகும் வாரம் இரண்டு நாள் என்னைக் கூப்பிடுவதே இந்தக் கைக்காகத்தான். முடிச்சூர்த் தண்ணீர்த் தொட்டிகளில் எடுத்த பாக்டீரியா. அதைக் கண்ணாடித் தகட்டில் படலமாகக் காயவைத்து, மேலே ஒரு சொட்டு நீர் வைத்து அதன் விளிம்புக் கோணம் அளப்பேன். குண்டாக நின்றால் நீர் ஒட்டாத பரப்பு. பரவினால் ஒட்டும் பரப்பு. அதற்கு முன் வெறுங் கண்ணாடியில் ஒரு சொட்டு, சரிபார்க்க. அது பரவியே ஆக வேண்டும்.

இன்று நின்றது. மூன்று கண்ணாடி மாற்றியும் நின்றது. வேலை அதோடு சரி.

பதிவேட்டில் ஆராய்ச்சி மாணவி ரேவதி, சிவப்பு மையில்: ‘கை நடுக்கம்’. நான் படித்த கான்வென்டில் சிவப்பு மை சிஸ்டர்களுக்கு மட்டும். பிறகு ஃபோனில் யாரிடமோ, “மேடம் பாவம்டி. கோணம் அளக்கற கேமரா மெஷின் வந்துட்டா அவங்களும் ரெஸ்ட் எடுக்கலாம்.”

ரெஸ்ட் கேட்டேனா?

வாங்க வேண்டியவை: பி.பி. மாத்திரை, ரொட்டி, நீல மை.

நவ. 7, வெள்ளி. வெயில்.

செவ்வாய் மாலை நானே கழுவி அடுக்கிய பன்னிரண்டு கண்ணாடிகள். அவற்றில் எட்டு மட்டும் இடம் மாறியிருந்தன. அந்த எட்டில் சொட்டு நின்றது, மற்ற நான்கில் பரவியது. கை என்ன, எட்டுக்கு மட்டும் நடுங்குமா?

ரேவதியின் மேஜையில் சீப்பு. ஆய்வகத்தில்! தலை எண்ணெய் பட்ட கண்ணாடியில் நீர் பரவாது.

“நான் ஏன் மேடம் உங்க ஸ்லைடைத் தொடப் போறேன்?” கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் ‘விடு’ என்றிருப்பார். விட மாட்டேன்.

நவ. 11, செவ்வாய். புழுக்கம்.

ஏழரைக்கே போய்க் கதவருகில் நின்றேன். ரேவதி இல்லை. கூட்டிப் பெருக்கும் தனம். பஸ் காற்றுக்குத் தலையில் போட்டு வந்த முந்தானையாலேயே ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிறையத் தேங்காய் எண்ணெய்.

“என்ன பண்றே தனம்?”

“தூசி கீதும்மா. அந்தப் பொண்ணு உன் கை நடுங்குதுன்னு சொல்லிகினு இருந்துச்சா, மனசு பேஜாராப் பூட்ச்சு. உனக்கு வேலை கொறையட்டுமேன்னுதான்.”

“இனிமே தொடாதே.”

“நான் தொட்டா ஆவாதாம்மா?”

எண்ணெய்தான் ஆகாது என்றேன். நம்பவில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நான் ரேவதியைப் பார்த்த பார்வை.

தனத்தின் பெயரைச் சொன்னால் அவளுடைய ஒப்பந்த வேலை நாளையே போய்விடும்.

துறைத் தலைவருக்குக் கொடுத்த கடிதம், நகல்:

‘பதிவேட்டில் உள்ள “கை நடுக்கம்” தவறு. கண்ணாடியில் எண்ணெய் இருந்தது. யாரால் என்பதைச் சொல்ல மாட்டேன். நான் கழுவிய கண்ணாடியில், தங்கள் எதிரிலேயே அளந்து காட்டுகிறேன். அந்தக் குறிப்பை நீக்குவீர்களா, மாட்டீர்களா? எழுத்தில் பதில் தரவும்.’