சுவாமி சுரண்டிய கதவு

செப்டெம்பர் 9, செவ்வாய்

கணுக்காலில் மறுபடியும் தடிப்பு. நுளம்பு என்று என்னையே ஏமாற்றியது போதும், பூனைத் தெள்ளுப்பூச்சிதான். சுவாமியைப் பிடித்துச் சீப்பால் வாரினேன். இரண்டு துள்ளி ஓடின. உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தில் மட்டும் வெள்ளை, பாதிரியார் அங்கி மாதிரி என்று இவர், என் மனிசன், இந்தப் பூனைக்கு வைத்த பெயர் அது. பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்தால் மட்டும் 'பூஸ்' என்று கூப்பிடுவார், கள்ளன்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

மகள் அனோஜினி நகரின் மறுபக்கம் கோட்-டெ-நெய்ஜிலிருந்து தெள்ளு மருந்தோடு வந்து பூனையின் பிடரியில் சொட்டுவிட்டாள். படுக்கை எல்லாம் சுடுதண்ணீரில் தோய்க்க வேண்டுமாம், மூலை முடுக்கெல்லாம் வக்யூம் பிடிக்க வேண்டுமாம். "அப்பான்ர அறையும்தான் அம்மா."

ஓம் என்றேன். செய்யவில்லை. செய்யவும் மாட்டேன். ஏப்ரலில் இவர் கண்மூடிய கட்டில் அது. தலையணையில் தைல மணம் இன்னும் இருக்கிறது. அதைத் தோய்த்துவிட்டு நான் எதை மணப்பது? பின்னேரங்களில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். சுவாமி வெளியே நின்று கதவைச் சுரண்டும். தலையணையில் அதன் மயிர் படக்கூடாது என்று விடுவதில்லை. அதுவும் அவர் காலடியில்தான் படுத்தது, பாவம்.

செப்டெம்பர் 27, சனி

ஒக்டோபர் செபமாலை மாதம், பிறந்தால் மாதா சுருபம் வீடு வீடாக வரும். எங்கள் வீட்டுக்குப் பதினோராம் திகதி. போன வருடம் அந்த வளைந்த இரும்புப் படியில் சுருபத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியது இவர்தான். இந்த முறை சனம் கம்பளத்தில் முழந்தாளில் இருக்கும்போது தெள்ளுக் கடித்தால்? மனிசன் செத்ததும் வீட்டை நாறவிட்டிட்டாள் எண்டு கதைக்க மாட்டினமா?

செப்டெம்பர் 30

மருந்து விட்டும் கடி நிற்கவில்லை.

ஒக்டோபர் 5, ஞாயிறு

பூசை முடிந்து, இவரின் கூட்டாளி தேவதாசன் அண்ணையிடம் மெல்லக் கேட்டேன். பூனை இருக்கும்வரை தெள்ளுப் போகாது என்றார். நாளைக்கே காரில் பிராணிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விடலாமாம்.

ஒக்டோபர் 6

சுவாமியைக் காப்பகத்தில் விட்டாயிற்று. பெட்டிக்குள் சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் திருப்பிக் கொண்டுவந்திருப்பேன். அனோஜினிக்குச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 11, சனி

மாதா வந்தார். செபமாலை பாதியில் திரேசம்மா அக்கா காலைச் சொறிந்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர். பிறகு ஒவ்வொருவராக.

பூனை இல்லாத வீட்டில் எங்கிருந்து?

ஒக்டோபர் 12, ஞாயிறு

போனில் நேற்று நடந்ததைச் சொன்னதும் அனோஜினி ஓடிவந்தாள். வெள்ளைக் காலுறை போட்டு வீடெல்லாம் நடக்கச் சொன்னாள். குசினி அடுப்படியில் ஒன்றுமில்லை. ஹோலில் ஒன்றிரண்டு. இவரின் அறையில் கட்டிலடியில் கொஞ்ச நேரம் நின்றேன் — காலுறை முழுக்கக் கறுப்புப் புள்ளி.

"தெள்ளு கூட்டுக்குள்ள மாதக்கணக்காக் கிடக்கும் அம்மா. ஆள் வாற சூடு பட்டாத்தான் வெளியில வரும். நீங்கள்தான் ஒவ்வொரு நாளும் போய் எழுப்பிக் காவிக்கொண்டு வந்திருக்கிறியள்." பிறகு சுற்றிப் பார்த்தாள். "சுவாமி எங்க?"

ஐயோ, என்ன செய்துபோட்டன்.

உள்ளே என் காலடிக்காகக் காத்திருந்தது தெள்ளு. வெளியே காத்திருந்ததை நானே கொண்டுபோய்த் தொலைத்தேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

காப்பகத்துக்குப் போனேன். சுவாமியை வெள்ளிக்கிழமையே யாரோ வளர்க்க எடுத்துப் போய்விட்டார்களாம். யார் என்று சொல்லக்கூடாதாம். நல்ல குடும்பம் என்று அங்கே நின்ற பிள்ளை பிரெஞ்சில் சொன்னது. மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். மெற்றோவில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

ஒக்டோபர் 18

தலையணையைச் சுடுதண்ணீரில் போட்டேன். மணம் போய்விட்டது. கட்டிலடியில் வக்யூம் பிடித்தபோது ஒரு பிடி கறுப்பு மயிர் வந்தது. அதை எறியவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கடி இல்லை. இவரின் அறைக் கதவை இப்போது திறந்தே வைத்திருக்கிறேன். சுரண்ட ஆளில்லை.