நீ திருப்பாத பக்கம்

அலுமாரியின் அடித்தட்டில், பூச்சி உருண்டை வாசத்தோடு அந்தக் காகிதம் கிடைத்தது மச்சான். கிளினிக்கில் என் மனைவியிடம் கொடுத்த அதே காகிதம். இத்தனை வருஷமும் எறியாமல் வைத்திருக்கிறாள். எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டக் கற்றவன் நான். மருந்துப் போத்தல், கலகெதர பஸ்ஸின் பலகை, சவர்க்காரப் பெட்டி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்துச் சந்தோஷப்பட்டுத் திரிகிறேன். இதை விடுவேனா?

முதல் பக்கத்துக்கு இரண்டு நாள் பிடித்தது. நீ சொன்னதேதான் இருந்தது. பிள்ளை வேண்டாதவர்கள் கையாளும் முறைகளில் ஒன்று, ஆண் கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது. பிறகு தாளைத் திருப்பினேன். திருப்பினேன் மச்சான்! நீ ஏன் திருப்பவில்லை?

கண்டி மார்க்கட்டில் நாம் மூட்டை தூக்கிய காலம். எங்கள் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு இதை உன்னிடம் நீட்டினேன். வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து, விரல் வைத்து வாசித்தாய்.

"நேரத்துக்கு வெளிய எடுத்துட்டா போதும்டா. ஒண்ணும் தங்காது. அச்சடிச்சே போட்டிருக்கான்."

மடித்துக் கொடுத்துவிட்டாய்.

அடுத்த வருஷமே அவளுக்கு நாள் தள்ளிப்போனது. அன்று நான் கேட்டதை உன்னிடம்கூடச் சொன்னதில்லை. "நான் ஒரு நாளும் தவறலியே. பின்ன இது எப்படி?" என்றேன்.

அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "எப்படின்னா? என்னைப் பாத்து என்ன கேக்குறீங்க?"

பிள்ளை பிறக்கும்வரை அவள் என்னோடு அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மகள் என் மூக்கோடு பிறந்தாள். அப்போதும் நான் கேட்டது தப்பென்று ஒப்புக்கொள்ளவில்லை. இன்று எனக்கு எழுத்துப் பழக்குகிறவள் அந்த மகள்தான்.

மறுபக்கத்தில் இருந்ததைக் கேள். விந்து வருமுன் கசியும் நீரிலும் கரு உண்டாக்கும் அணுக்கள் இருக்கலாம். அது கசிவது ஆணுக்கே தெரியாது. சரியாக விலகினாலும் கரு தங்கலாம். இதை மட்டும் நம்பியிராமல் மாத்திரை, ஊசி, உறை பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். இத்தனையும் ஒரு தாள் கனத்துக்கு அந்தப் பக்கம்!

சத்தமாக வாசித்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நா சொன்னா ஏறாது. காயிதம் சொன்னாத்தான் ஏறுமோ?"

"தப்புத்தான்."

"வாயால வேணாம். எழுதத் தெரியும்னு ஊரெல்லாம் பீத்திக்கிறீங்கல்ல? எழுதித் தாங்க."

உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. திட்டலாம் என்றால் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். ஆனால் யோசித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தின் அடிக்கு வரும்போது எனக்குக் கண் எரிந்தது. நீயும் மூன்றாம் வகுப்போடு நின்றவன்தானே. உனக்கும் மூச்சு வாங்கியிருக்கும், சுற்றி நின்றவர்கள் முன் காட்டிக்கொள்ள மனம் வந்திருக்காது. அது போகட்டும். அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவன் நீ இல்லையே, நான்தானே.

இப்போதெல்லாம் பஸ் டிக்கட்டைக்கூடத் திருப்பிப் பார்க்கிறேன்.

இந்தத் தாளிலும் முதல் பக்கம் தீர்ந்துவிட்டது. விரல் நோகிறது. அவளுக்கு எழுத வேண்டியது இன்னும் இருக்கிறது. திருப்புகிறேன், மச்சான்.