இன்னொரு ஆட்டம் கேட்ட அக்காவுக்கு

அக்கா,

பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு கூடைப்பந்துத் திடல் இருக்கிறது. இன்று மாலை அங்கிருந்து பந்து ஒன்று உருண்டு வந்து என் காலில் முட்டியது. எடுத்தேன். வெயிலில் காய்ந்த ரப்பர் வாசம். திருப்பி எறியக் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்புறம் இருந்த நம் கிளப்பின் பெண்கள் அணிக்கு நீங்கள் கேப்டன். ஆண்கள் அணியில் நானும் உங்கள் தம்பி நடராஜனும் ஆடினோம். ஜப்பான்காரன் வந்த பிறகு பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு எதற்கு ஓட வேண்டும் என்று என் அம்மா கேட்டபோது நீங்கள் சொன்னீர்கள்: "ஓடுனா பசி தெரியாதும்மா. சும்மா நின்னாத்தான் தெரியும்." இருந்த ஒரே பந்து பிய்ந்ததும் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியது நீங்கள்தான்.

சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்தது. முதலில் கூலி தருவதாகச் சொல்லி அழைத்தார்கள். பிறகு லாரியோடு வந்து பிடித்தார்கள்.

அன்று திடலில் உங்கள் அணி பயிற்சியில் இருந்தது. நாங்கள் ஆறு பேர் எங்கள் முறைக்காக ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். நடராஜன் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தான். தெருமுனையில் லாரி திரும்பியதை முதலில் பார்த்தது நீங்கள். பரிசளிப்பு மேடையின் பலகைக்கு அடியில் எங்களைப் போகச் சொன்னீர்கள். பந்தைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

பலகை இடுக்கு வழியே எனக்குக் கால்கள்தான் தெரிந்தன. அதிகாரியின் பூட்ஸ். மொழிபெயர்க்க வந்த நம் ஆளின் செருப்பு. உங்கள் வெறுங்கால்.

"ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?"

"இன்னைக்கு எங்க முறைங்க. அவங்க வர மாட்டாங்க."

அதிகாரி பந்தைக் கேட்டார். எறிந்தார், கம்பியில் பட்டுத் தெறித்தது. "முட்டிய மடக்கி எறியச் சொல்லுங்க" என்றீர்கள். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அடுத்த எறியில் பந்து கூடைக்குள் விழுந்தது. அதிகாரி சிரித்தார். பிறகு அவரும் சிப்பாய்களும் ஒரு பக்கம், உங்கள் அணி ஒரு பக்கம் என்று ஆட்டம் தொடங்கியது.

அது முடிந்து அவர்கள் கிளம்பப் போனார்கள். எனக்கு மூச்சு வந்தது. அப்போது உங்கள் குரல்: "இன்னொரு ஆட்டம் ஆடலாமான்னு கேளுங்க."

அது முடிந்ததும் மறுபடி கேட்டீர்கள். பக்கத்தில் படுத்திருந்தவன் என் காதில், "இந்தம்மாவுக்குப் பைத்தியமா? போறவனப் போக விட வேண்டியதுதான?" என்றான். எனக்கும் கோபம்தான்.

வெளிச்சம் மங்கும்போது லாரி புறப்பட்டது. பலகையைத் தட்டி, "வெளிய வாங்க" என்றீர்கள். எங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து ஓடினீர்கள். லாரி உங்களுக்கு முன்பே போய்விட்டிருந்தது. நடராஜனைப் பாயிலிருந்து எழுப்பி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரமும் நீங்கள் பயிற்சிக்கு வந்தீர்கள். ஆள் போதவில்லை என்று எங்களையும் சேர்த்துக்கொண்டு ஆடினீர்கள். சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய ஒருவர், நடராஜன் அங்கே வாந்திபேதியில் போய்விட்டதாகச் சொன்னார்.

பல வருடம் கழித்து, என் மூத்த மகன் பிறந்திருந்த சமயம், பார்க்க வந்த உங்களிடம் கேட்டேன், ஏன் அவர்களை அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தீர்கள் என்று. நீங்கள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்.

"இங்க ஆள் கிடைக்கலன்னா அடுத்து எங்க தெருவுக்குத்தான் போவாங்க. இருட்டுற வரைக்கும் ஆட வச்சா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு திரும்பிடுவாங்கன்னு நெனச்சேன். இன்னும் ஒரு ஆட்டம் ஆடியிருக்கணும்."

மகனுக்கு நடராஜன் என்று பெயர் வைத்தேன். நீங்கள் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு நாளும் அவனைக் கூப்பிடவில்லை. 'தம்பி' என்பீர்கள். அவனும் அதற்குத்தான் திரும்புவான்.

உங்களை எடுக்கும் நாளில், பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை யார் போடுவது என்று கேட்டார்கள். உங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் ஒன்றும் சொல்வதற்குள், தலை நரைத்த என் மகன் சேலையோடு முன்னால் போய் நின்றான்.