எட்டு எண்ணும்வரை

பெப்ரவரி 12, வியாழன்

ரொம்மனில் இருக்கும் அம்மா வீட்டு வாசலில் அவரின் அரிசிச் சாக்கைக் காரிலிருந்து இறக்கப் போனேன். இருபது கிலோதான். இடது தோள் இழுத்துப் பிடித்தது. பாதியில் கீழே வைத்துவிட்டேன்.

"அங்கை மேடையிலை பெட்டையளைத் தலைக்கு மேலை தூக்கிறாய், இஞ்சை அரிசிக்கு இந்தப் பாடோ?" என்று அம்மா சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"எவ்வளவு நாளா உப்பிடி?"

"மூண்டு கிழமை."

"அங்கை சொன்னனியோ?"

"இல்லை."

சொன்னால் சனிக்கிழமை என் வேடத்தை வேறொருவன் ஆடுவான். ஆறு வருடம் பின்வரிசையில் ஆடிய பிறகு பாலே நடனத்தில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம் அது. சொல்லாவிட்டால் என்னுடன் ஆடும் இங்கிரிட்டை ஒரு கையில் தலைக்கு மேல் ஏந்தி, எட்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். ஐந்திலேயே கை நடுங்குகிறது. நேற்று ஆறில் இறக்கிவிட்டு, எண்ணிக்கை தவறிவிட்டது என்று பொய் சொன்னேன். நம்பிவிட்டாள்.

அம்மா சாக்கைத் தானே இழுத்துக்கொண்டு போனார். கதவடியில் திரும்பினார்.

"நீ தூக்கிற அந்தப் பிள்ளைக்குத் தெரியுமோ?"

தோளைப் பற்றி இங்கிரிட்டுக்கு எழுதிய செய்தி இன்னும் அனுப்பாமல் போனில் கிடக்கிறது. நாளை பத்து மணிக்கு ஒத்திகை. நான் தூக்கும் அந்த இடத்தில் அவள் கண்களை மூடிக்கொண்டுதான் மேலே போவாள்.